சிங்கப்பூரில் பள்ளியைப் பார்த்து வீடு வாங்கிய அனுபவம்

மகளுக்கு நாலு வயதானதும் மறுவிற்பனை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு தேட ஆரம்பித்தோம். வந்த விளம்பரங்களில் பாதிக்கு மேல், எத்தனை அறை என்பதற்கு முன்னாலேயே “இன்ன பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள்” என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்கும் சேர்த்துத்தான் விலை.

தொடக்கநிலை 1, அதாவது முதல் வகுப்புக்கான பதிவு கட்டம் கட்டமாக நடக்கிறது. அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முதல் கட்டத்திலேயே இடம் உறுதி. பிறகு முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், தொண்டூழியம் செய்த பெற்றோரின் பிள்ளைகள் என்று போகும். எந்தத் தொடர்பும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு 2சி கட்டம். 2022 முதல் அதற்கென 40 இடங்கள் ஒதுக்குகிறார்கள், முன்பு 20தான். கேட்பவர்கள் கூடிவிட்டால் 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்களுக்கு முதலிடம், அடுத்து 2 கிலோமீட்டர் வரை, அப்புறம் மற்றவர்கள். நிரந்தரவாசிகள் குடிமக்களுக்குப் பிறகுதான். எந்த வட்டத்தில் இடம் போதாமல் போகிறதோ அந்த வட்டத்தில் குலுக்கல். பேர்பெற்ற பள்ளிகளில் 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே குலுக்கல் வந்துவிடும். காசைக் கொட்டி வட்டத்துக்குள் வீடு வாங்கினாலும் கையில் கிடைப்பது குலுக்கலில் ஒரு வாய்ப்புதான்.

கிளமெண்டியில் ஒரு நாலறை வீடு ரொம்பப் பிடித்திருந்தது. ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண்ணைப் போட்டால் எந்தெந்தப் பள்ளி எந்த வட்டத்தில் வருகிறது என்று காட்டும். நடக்கிற தூரம் அல்ல, பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்கிறார்கள். நாங்கள் பார்த்த புளோக்குக்கு நான்ஹுவா தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள் வந்தது. எதிர்வரிசை புளோக்குக்கு வரவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் கட்டியவை, அறைகளின் அளவும் அதேதான். ஆனால் கேட்ட விலையில் இருபதாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வித்தியாசம்.

மனைவிதான் கேட்டாள், “அங்க தமிழ் சொல்லித் தர்றாங்களா?”

இல்லை. அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி, தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும். மரின் பரேட்டில் உள்ள தாவ்நான், அப்பர் தாம்சன் பக்கம் உள்ள ஐ டோங் எல்லாம் இதே வகைதான். பெற்றோர் முட்டிமோதும் பள்ளிகளில் கணிசமானவை இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள வீடுகளுக்குத் தமிழ்க் குடும்பம் கொடுக்கும் கூடுதல் பணம், பிள்ளை படிக்கப் போகாத பள்ளிக்குக் கட்டும் கட்டணம் மாதிரி. முகவர் ஒருவர்கூட இதை எங்களிடம் சொல்லவில்லை. “பின்னாடி விற்கும்போது நல்ல விலை போகும்” என்று மட்டும் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நாங்கள் குடியிருக்க வீடு தேடினோம்.

அந்தக் கணக்கு தெளிந்ததும் ஜூரோங் வெஸ்ட் பக்கம் திரும்பினோம். அங்கே வேறு தடை. 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்குக்கும் இன விகிதம் உண்டு. இந்தியர், மற்றவர் என்ற பிரிவு நிரம்பிவிட்டால் அந்தப் பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே நாம் வாங்க முடியும். பிடித்த இரண்டு வீடுகள் இதில் அடிபட்டன. வீவக இணையத்தளத்தில் புளோக் வாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், ஆசைப்பட்ட பிறகு தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான்.

விலை பேசும்போது இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். விலை பேசி முடித்து, விற்பவர் வாங்கும் உரிமைப் பத்திரம் கொடுத்த பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். பேசிய விலை மதிப்பீட்டைத் தாண்டினால் அந்த வித்தியாசத்துக்கு வங்கிக் கடனோ மத்திய சேமநிதியோ உதவாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். பள்ளிக்காக விலையை ஏற்றிக் கேட்கும் இடங்களில் இந்த ரொக்கம் எகிறும். எங்களுக்குச் சில ஆயிரத்தோடு போயிற்று.

வாங்கிய வீட்டிலிருந்து பள்ளி கூப்பிடு தூரம். தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் பணம் கொடுத்தோம். 2சி கட்டத்தில் குலுக்கல் இல்லாமலே இடம் கிடைத்தது.

தூரத்தைக் காட்டிப் பள்ளியில் இடம் வாங்கினால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் பிள்ளை அந்த முகவரியில் வசிக்க வேண்டும். மீறினால் காலியிடம் உள்ள வேறு பள்ளிக்கு மாற்றிவிடக்கூடும். பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்துப் பதிவு முடிந்ததும் காலி செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தக் காலத்தை இதற்கேற்பப் போட்டுக்கொள்வது நல்லது.