பரண்மேல் கிடந்த மிக்சியும் இண்டக்‌ஷன் அடுப்பும்

ஓடாத மிக்சி எல்லாமே செத்த மிக்சி இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் அம்மா இருந்த வீட்டைக் காலி செய்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், அப்புறம் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் எல்லாம் பரணில் தூசி படிந்து கிடந்தன.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. பழைய சாமான் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் தாமிரத்துக்காக யாரோ ஒயரை எரிப்பார்கள். பி.வி.சி. உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு கிளம்பும், சர்க்யூட் போர்டின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். தோல் பதனிடும் கழிவால் பாலாறு பட்டது போதாதா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் நாம்.

முதலில் தோட்டப்பாளையத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். மிக்சியைப் பிரித்துப் பார்த்தவர், "மோட்டாருக்கு ஒண்ணும் ஆவலம்மா, கார்பன் பிரஷ்தான் தேஞ்சு பூட்ச்சு" என்றார். அதோடு ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரையும் மாற்றினார். கிரைண்டருக்கு பெல்ட் மட்டும்தான். இரண்டும் ஓடின. செலவும் பெரிதாக இல்லை.

கிரைண்டரை எங்கள் தெருவில் இட்லி விற்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அவர் எதிரிலேயே அரிசி போட்டு ஓட்டிக் காட்டினேன். "ஒரு வாரம் பாருங்கக்கா, சரிவரலைன்னா நானே வந்து எடுத்துக்கறேன்" என்றும் சொன்னேன். பழுதான பொருளைத் தானம் என்று இன்னொருவர் தலையில் கட்டுவது தப்பு. நம் குப்பை அவர் வீட்டுக் குப்பையாகும், அவ்வளவுதான். மிக்சி, புதிதாகத் தனிக்குடித்தனம் போன சித்தி மகளுக்கு.

இண்டக்‌ஷன் அடுப்பில் போர்டே எரிந்திருந்தது. கெட்டிலும் தேறவில்லை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சமையலறைச் சாதனங்களும் அடக்கம். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் மூலம் அவற்றுக்கு வழி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. இதைச் சொல்லி நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவருக்கு விவரம் தெரியவில்லை, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். விடாமல், "இ-வேஸ்ட் சேகரிப்பு மையம் எது?" என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதும் மேலதிகாரிக்கு மாற்றினார்கள். அவர் முகவரி கொடுத்தார்.

அங்கே பணம் கிடைக்காது, ரசீது கிடைக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாமானைப் பிரிக்காமல், ஒயரை வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜர்களையும் எடுத்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே கேட்டுவிட்டால் ஒரே நடையில் முடியும்.