ஹட்டன் கூரைக்குக் கொழும்புக் கணக்கு சரிவராது

சோலார் விற்க வருகிறவர் காகிதத்தில் முதலில் எழுதுவது, ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்ற கணக்கு. கீழ்நாட்டுக்கு அது பெரிய பிழையில்லை. ஆனால் ஹட்டன் பக்கத்துப் பொகவந்தலாவையில் ஆடி மாதம் முழுக்க மழையும் மூட்டமும். அதில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. அதே ஆடியில் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் காற்று அடிக்கும், வெயிலும் அடிக்கும். அந்தப் பக்கம் மழை கார்த்திகை, மார்கழியில்தான். ஆகவே எந்த மலைச்சரிவில் வீடு என்று கேட்காமல் தரும் கணக்கை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

அரசாங்கத்தின் கூரைச் சோலார் திட்டமான ‘சூரிய பல சங்கிராமய’ 2016 செப்டெம்பரில் தொடங்கியது. அதில் ஆரம்பத்தில் மூன்று வழி. நெட் மீட்டரிங்கில் காசு கிடைக்காது, மிச்ச யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும். நெட் அக்கவுன்டிங்கில் வீட்டுப் பாவனை போக மிஞ்சியதற்குக் காசு. நெட் பிளஸ்ஸில் விளைவது அத்தனையும் விற்பனை, வீட்டு பில்லைத் தனியாகக் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் முதல் 7 வருடத்துக்கு யூனிட் 22 ரூபா, பிறகு 15.50 என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2022இல் 37 ரூபா வரை ஏறியது, 2024இல் 27க்கு இறங்கியது, அதன்பின் இன்னும் குறைந்தது. ஒப்பந்தம் 20 வருடத்துக்கு. உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேரும் காலத்து விலை. பக்கத்து வீட்டுக்காரர் மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

மாதம் 90 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு சோலார் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அங்கே பார்க்க வேண்டியது 60 என்ற கோடு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் ஏறும். அந்தக் கோடு 30 நாளுக்கானது. மீட்டர் வாசிப்பவர் 33 நாள் கழித்து வந்தால் 66 வரை இடமுண்டு, பில்லில் நாள் எண்ணிக்கையைப் பாருங்கள். மலைநாட்டில் இந்தக் கோட்டைத் தாண்டவைப்பது பெரும்பாலும் கேத்தல்தான். ஒன்றரை லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.14 யூனிட். பிளேன்டிக்கு நாளுக்கு ஆறு தடவை போட்டால் மாதம் 25 யூனிட். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றிவைத்தால் அதில் பெரும்பங்கு மிச்சம். 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் என்றால் நாளுக்கு 20 நிமிடமே மாதம் 35 யூனிட்.

பில் பெரிதுதான், கூரையும் சொந்தம் என்றால் முதலில் கூரையின் முகத்தைப் பாருங்கள். நுவரெலியா ஏறத்தாழ வடக்கு 7 பாகையில் இருக்கிறது. சித்திரை முற்பகுதியிலிருந்து ஆவணிக் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். செங்குத்தான தெற்குக் கூரை அந்த மாதங்களில் வெயிலைச் சரிந்தே வாங்கும். மூட்டம் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு ஏறுவதால், எதிரே மலை மறைக்காத கிழக்குக் கூரை இங்கே நல்ல கூரை. கிழக்கு, மேற்கு இரண்டிலும் போடுவதானால் இரண்டு எம்பிபிடி உள்ள இன்வேர்ட்டர் கேளுங்கள். இன்வேர்ட்டர் என்பது பேனலின் டீசீ கரண்டை வீட்டு ஏசீயாக மாற்றும் பெட்டி, எம்பிபிடி என்பது ஒரு பேனல் தொடரிலிருந்து முடிந்த அளவு கரண்டை எடுக்கும் அதன் பகுதி. இரண்டு சரிவுப் பேனல்களையும் ஒரே தொடரில் கோர்த்தால் வெயில் குறைந்த பக்கம் மற்றதையும் கீழே இழுத்துவிடும். குளிர் நமக்கு லாபம்தான். பேனல் 25 பாகைக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். வெயில் நாளில், பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில், வீட்டு வோல்டேஜை அளந்து எழுதுங்கள். இருக்க வேண்டியது 230, அதிலிருந்து ஓர் எல்லை வரைதான் கூடக் குறைய இருக்கலாம். நம் ஊர்களில் ட்ரான்ஸ்போமர் மலை அடிவாரத்தில் இருக்கும், லைன் மேலே ஒரு கிலோமீட்டர் ஏறும். கடைசி வீட்டில் இரவு 205, நண்பகல் 242 என்று காட்டினால், உங்கள் சோலாரும் சேர்ந்து தள்ளும்போது வோல்டேஜ் எல்லையைத் தாண்டி இன்வேர்ட்டர் தானாக நிற்கும். நல்ல வெயில் நேரத்தில் நின்று, வெயில் சாய்ந்ததும் ஓடத் தொடங்கும். இன்வேர்ட்டரின் போன் ஆப்பில் மலையுச்சி போல வர வேண்டிய உற்பத்திக் கோடு நடுவில் பல் விழுந்த வாய் மாதிரித் தெரியும். பேனலில் குறை என்று சண்டை பிடித்துப் பயனில்லை. இன்வேர்ட்டரிலிருந்து மீட்டர் வரை தடித்த வயர் போட்டால் கொஞ்சம் குறையும். லைன் மெலிதானால் 5 கிலோவாட்டுக்குப் பதில் 3 போடுங்கள். ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்பதைப் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தின் பதிலாகக் கடிதத்தில் வாங்குங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல் பதிலாகாது. அவர் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவானவரா என்றும் பாருங்கள்.

பொருத்தும்போது ஆணி தகரத்தில் மட்டும் நின்றால் போதாது, கீழே மரத்தைப் பிடிக்க வேண்டும். ரப்பர் வாஷர் இல்லாத ஓட்டை அடுத்த மழையிலேயே ஒழுகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி அதிகம் என்பதால் டீசீ, ஏசீ இரண்டு பக்கமும் மின்னல் காப்பு வேண்டும். கற்பாறை நிலத்தில் ஒரு எர்த் கம்பி போதாது. இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி செப்புக் கம்பியால் இணைத்து, எர்த் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும். துணியும் தண்ணீரும் போதும், கம்பி பிரஷ் வேண்டாம்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்கிறவர்களுக்கு அடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. அப்போதும் வீட்டில் கரண்ட் வேண்டுமானால் பேட்டரி உள்ள ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும், அது வேறு விலை.

தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் இருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை என்றே சொல்ல வேண்டும். மீட்டர் அவர் பெயரில் இருந்தாலும் கூரை தோட்டத்துடையது, அதுவும் பல குடும்பத்துக்கு ஒரே கூரை. திட்டம் போட்டவர்கள் லயத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

நெட் அக்கவுன்டிங்கில் முதல் பில் வந்ததும் பலர் குழம்புவார்கள். ஆப்பில் 300 யூனிட், மீட்டரில் வெளியே போனது 210 என்றால் 90 யூனிட் களவு போகவில்லை. பகலில் ஃபிரிட்ஜும் கேத்தலும் மீட்டரைத் தொடாமலே எடுத்துக்கொண்ட கரண்ட் அது. பில்லோடு ஒப்பிட வேண்டியது மீட்டரின் இரண்டு வாசிப்புகளை, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும்.