ஏழாவது கண்ணாடி

போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினோம். குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, உள்ளே இறங்கியிருக்கிறார்கள். பீரோவை நெம்பித் திறந்திருந்தார்கள். ஒன்பது பவுன் போயிற்று.

பதற்றத்தில் அப்பா லாக்கரை இழுத்து இழுத்துப் பார்த்தார். யார் காலிலாவது குத்திவிடப்போகிறதே என்று அம்மா, ஜன்னலுக்குக் கீழே கிடந்த கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைத்து அடுக்கிவைத்தார். ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அதற்கப்புறம்தான். எதையும் தொடக்கூடாது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மோப்ப நாய் தெருமுனை வரை ஓடி நின்றுவிட்டது. மதியம் கைரேகைப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். டார்ச்சை நேராக அடிக்காமல் பீரோவின் மேல் படுக்கவைத்தாற்போல் சாய்த்து அடித்தார். வியர்வையும் எண்ணெயும் படிந்த கோடுகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. கரும்பச்சை பீரோவுக்கு வெள்ளி நிறப் பவுடர், வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பு. ரேகை எழும்பியதும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தார். டேப் ஒட்டி எடுப்பது பிறகுதான். டேப் பிசகினாலும் படம் மிஞ்சும்.

லாக்கரில் அப்பாவின் விரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியிருந்தன. கண்ணாடிகளில் ஒன்றும் இல்லை.

"ஜன்னல்ல மொத்தம் எத்தனை கண்ணாடிம்மா?" என்று கேட்டார்.

ஏழு. அடுக்கில் ஆறுதான் இருந்தது. ஏழாவது, கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. கையுறையோடு ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினார். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மூன்று விரல்கள்.

அப்புறம் எங்கள் எல்லோருடைய பத்து விரல்களையும் மையில் ஒற்றி எடுத்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் கூப்பிட்டபோது அவர் முகம் வாடிவிட்டது. அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "உங்களை மாட்டிவிட இல்லம்மா. வீட்டு ஆளுங்க ரேகையைக் கழிச்சாத்தான் மிச்சம் யாரோடதுன்னு தெரியும்." அதை நாங்கள் முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று புள்ளி புள்ளியாக ஒப்பிடுவார்களாம். ஏற்கெனவே கைதானவர்களின் ரேகைகளைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது பொருத்தமானவற்றை எடுத்துக் கொடுத்தாலும், முடிவு சொல்வது நிபுணரின் கண்தான்.

ஐந்து வாரம் கழித்து எஸ்.ஐ. கூப்பிட்டார். கட்டைவிரல் பொருந்திவிட்டது, பழைய வழக்கொன்றில் சிக்கிய ஆள். அன்று சாயங்காலமே அம்மா அந்த அக்காவின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.