தீவிர மனநலப் பிரிவில் உளவியல் ஆதரவு: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

இந்தப் பாடத்துக்கு சிகிச்சை முறைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தால் பெரிதாக மதிப்பெண் வராது. மனநோய் திடீரென முற்றியவர்களைச் சேர்க்கும் தீவிர மனநலப் பிரிவில் ஒருவர் பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோதான் அங்கே இருப்பார். மருந்து மயக்கம், பதற்றம், தூக்கமின்மை என்று இருப்பவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேச முடியாது. கிடைக்கிற பத்து நிமிடத்தில் என்ன கேட்பீர்கள், என்ன சொல்வீர்கள் என்றுதான் செய்முறைத் தேர்வில் பார்க்கிறார்கள். அதனால் குறிப்பு எடுக்கும்போதே, நோயாளியிடம் சொல்ல வேண்டியதைப் பேச்சு வழக்கில் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

"பக்கத்து ரூம்ல என்னைக் கொல்லத் திட்டம் போடுறாங்க" என்கிறார் ஒருவர். அதெல்லாம் இல்லை என்று வாதாடினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஆமாம் என்று தலையாட்டுவதும் தப்பு. நான் எழுதி வைத்திருந்தது இது: "அப்படித் தோணினா பயமாத்தான் இருக்கும். எனக்கு அப்படி எதுவும் கேட்கலை. ஆனா நீங்க ராத்திரி முழுக்க தூங்கலைன்னு தெரியுது. இப்போ என்ன செஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்?" பயத்தை ஏற்றுக்கொள்கிறோம், அதன் காரணமாக அவர் நம்புவதை அல்ல. தேர்வாளர் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சுற்றி வளைக்காமல், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்றே கேட்கலாம். "செய்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் யாரையும் காப்பாற்றும் என்பதற்குச் சான்று இல்லை. விடைத்தாளில் அதை எழுதாதீர்கள். அதற்குப் பதில், அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை, அதாவது தற்கொலை எண்ணம் வரும்போது என்ன செய்வது என்று நோயாளியோடு சேர்ந்து எழுதும் பட்டியலை, நன்றாகப் படியுங்கள். எச்சரிக்கை அறிகுறி, தானே செய்யக்கூடியது, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தபந்தம், மருத்துவ உதவி, ஆபத்தான பொருட்களை எட்டாமல் வைப்பது என்று ஆறு படிகள். படிகளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். அதை நோயாளியின் வார்த்தையில் நிரப்புவதில்தான் விஷயம் இருக்கிறது. "மனச்சோர்வு அதிகரித்தல்" என்றால் அவருக்குப் பிடிபடாது. "அக்கா போன் பண்ணினா எடுக்காம விடுறேன்" என்று இருந்தால், அந்த நாள் வரும்போது அவருக்கே தெரிந்துவிடும்.

பதற்றத்தைத் தணிக்க மூச்சுப் பயிற்சி, கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லவைப்பது போன்றவை எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பவருக்கு வெறும் பதற்றம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மனநோய் மருந்துகளின் பக்கவிளைவாக அகத்தீசியா என்ற உள் அமைதியின்மை வரலாம். அப்போது உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உளவியல் கேள்விதானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பும் கட்டம். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய முதல் சில நாட்களும் வாரங்களும் தற்கொலை ஆபத்து மிகுந்தவை. அடுத்த சந்திப்பு எந்தத் தேதி, யார் அழைப்பார், இரவில் யாரை அழைக்கலாம், வீட்டில் மருந்து யார் கையில் இருக்கும் என்பதையெல்லாம் விடையில் பெயர் போட்டு எழுதுங்கள். "தொடர் கண்காணிப்பு தேவை" என்று ஒரு வரியோடு நிறுத்தினால் போதாது.