மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கருப்புப் பைன்

அக்டோபர் 12, 2024, சனி

இந்த மாதம் சாயங்காலம் ஆனால் மழைதான். போன்சாயாக, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் என் பைன் மரத்தின் தொட்டிக்கு ஒரு பக்கம் அடியில் கட்டையைச் செருகிச் சாய்த்து வைத்தேன். ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் தேங்கும். சாய்த்தால் ஒரு மூலை வழியாக வடிந்துவிடும். "நனையுதே, உள்ளே தூக்கி வைம்மா" என்றார் அப்பா. இலை நனைந்தால் பைனுக்கு ஒன்றும் ஆகாது, வேர் ஊறிக் கிடந்தால்தான் ஆபத்து. வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் நலிந்துபோகும். இது வெயிலில் வாழ்கிற மரம்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த மாமா ஒரு மூட்டை வெள்ளைச் சல்லி கொண்டுவந்தார், தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று. ஈப்போ பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் மலை, சல்லிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும்; பைனுக்கு லேசான புளிப்பு மண்தான் ஒத்துக்கொள்ளும். மாமா மனம் கோணாமல் வாசல் பாதையில் கொட்டிவிட்டோம், அங்கே நன்றாகவே இருக்கிறது. என் தொட்டியில் பொடி சலித்த ஆற்று மணலும் நுரைக்கல்லும்தான்.

தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் வடிகால் வலையில் வெள்ளை இழைகள். பூஞ்சைதான், ஆனால் வேரோடு கூடி வாழ்ந்து தண்ணீரும் சத்தும் சேர்த்துக் கொடுக்கிற பூஞ்சை. அதனால்தான் மண் மாற்றும்போது பைன் வேரை முழுக்கக் கழுவக்கூடாது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று பைனின் குருத்துகளை, அதாவது நீண்டு வந்த புதுத் துளிர்களை, வெட்டினேன். ஜப்பானில் இதைக் கோடைத் தொடக்கத்தில் செய்வார்கள். மறுபடி துளிர்ப்பது குளிருக்குள் முதிரும், ஊசி இலையும் குட்டையாக இருக்கும். நமக்கு ஏது குளிர்காலம்? அவர்கள் நாட்காட்டியை இங்கே வைத்துக்கொண்டு பயனில்லை, மரத்தின் தெம்பைத்தான் பார்க்க வேண்டும். உச்சியில் குருத்துகள் விரல் நீளம், பச்சை திடமாக இருந்தது. அங்கே மட்டும் வெட்டினேன். அடிக்கிளைகள் இன்னும் மெலிவுதான், தொடவில்லை. வெட்டிய இடத்திலும் பழைய ஊசிகளை விட்டு வைத்தேன். ஊசியே இல்லாமல் மொட்டையடித்த பைன் கிளை பெரும்பாலும் காய்ந்துவிடும்.

வெட்டுவாயில் பிசின் துளித்துளியாக முத்துக் கட்டியது. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒரு துளியை விரலில் தேய்த்து முகர்ந்தார். "பால்மரத்துக்கு இந்த வாசம் கிடையாதே" என்று திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தார். அப்புறம் கத்தியை வாங்கி, கூர் போதாது என்று தீட்டித் தந்தார்.

டிசம்பர் 15, ஞாயிறு

வலப்பக்கக் கிளையில் வடிவத்துக்காகச் சுற்றிய அலுமினியக் கம்பி பட்டையில் பதியத் தொடங்குகிறது. நம் வெப்பத்தில் கிளை நிற்காமல் பருக்கிறது. கம்பியைத் திருகிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

மழை விட்டுவிட்டது, காலையும் மாலையும் தண்ணீர். வெட்டிய இடங்களில் கொத்தாகத் துளிர் வந்திருக்கிறது, சில இடத்தில் நாலைந்து. கொஞ்சம் நீளட்டும், அப்புறம் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிற இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். குருத்து வெட்டிய மரம் என்பதால் இந்த முறை மண் மாற்றப் போவதில்லை. அடிக்கிளையிலும் பச்சை ஏறியிருக்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.