சில்வா

என் சொந்தப் பெயரைச் சொன்னால் இந்த மலரைப் புரட்டுகிற பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. ‘சில்வா’ என்றால் 1992 உயர்தர வகுப்புக்காரர் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டத்துக்குக் காரணமான எங்கள் இரசாயனவியல் சேர் மாசி மாதம் காலமானதாக வட்சப் குழுவில் செய்தி வந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்கு இறங்கினேன்.

அவருடைய பெயரை எழுதத் தேவையில்லை. பிரம்பு தூக்காமலே வகுப்பை நடுங்க வைத்தவர் நம் காலத்தில் ஒருவர்தான்.

யுத்தத்தால் ஊருக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். மண்ணெண்ணெயே இல்லை, ஆய்வுகூடத்துக்கு வேண்டிய வெள்ளி நைத்திரேற்றுக்கு, அதுதான் சில்வர் நைத்திரேற்றுக்கு, எங்கே போவது? அலுமாரிக்குள் ஒரு சின்ன மண்ணிறப் போத்தல், அவ்வளவுதான். ஒருநாள் அதில் மட்டம் இறங்கியிருந்தது. சேர் சத்தம் போடவில்லை. “எடுத்தவனை நான் தேடப் போறதில்லை. நாளைக்கு அவன்ரை விரல் சொல்லும்” என்றார். அது தோலில் படும்போது நிறமே தெரியாது. வெளிச்சம் பட்டபிறகுதான் கறுக்கும். சவர்க்காரத்துக்கு அசையாது, தோல் உரிந்தால்தான் போகும்.

மறுநாள் எல்லாரும் கை நீட்டினோம். கறுத்திருந்தது என் விரல்கள். முதல்நாள் கீழ்வகுப்புச் சோதனைக்குழாய்களைக் கழுவச் சொல்லி ஆய்வுகூட அண்ணைதான் என்னை மறித்தவர். சொன்னேன், சேர் கேட்கவில்லை. பாடம் முடியும்வரை விறாந்தையில் நீட்டிய கையோடு நின்றேன். போகிற வருகிற சின்னப் பொடியள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகுதான் தெரிந்தது, பக்கத்துப் பாடசாலை செய்முறைக்கு அதிபரே கொஞ்சம் கொடுத்திருக்கிறார். சேர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அலுமாரித் திறப்பை என்னிடம் தந்தார். மன்னிப்பா, இன்னொரு வேலையா என்று அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுக்க விளங்கவில்லை.

திறப்போடு வந்த வேலை தண்ணீர் காய்ச்சி வடிப்பது, அதுவும் விறகடுப்பில். நம் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டால் பால் மாதிரி வெளுக்கும். அவ்வளவு குளோரைட்டு உப்பு. “கடைசிக் கழுவல் வடிச்ச தண்ணியிலை” என்பது சேரின் வேதவாக்கு.

அந்த வேதவாக்கில்தான் ரொறன்ரோவில் என் சீவியம் ஓடுகிறது. புரதங்களை மின்புலத்தில் ஜெல்லுக்குள் ஓடவிட்டுப் பிரித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கூமாசி நீலம் என்ற சாயம் ஓரளவு காட்டும். அதற்கும் அகப்படாத நனோகிராம் அளவை வெள்ளி காட்டும். 1979இல் வந்த முறை. மதுசாரத்திலும் அசற்றிக்கமிலத்திலும் ஜெல்லைப் பதப்படுத்தி, தயோசல்பேற்றில் ஒரு நிமிடம் காட்டி, கழுவி, வெள்ளி நைத்திரேற்றில் ஊறவைத்து மறுபடி மட்டாகக் கழுவ வேண்டும். பிறகு சோடியம் காபனேற்றும் ஃபோர்மலினும் ஊற்றித் தட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கரைசல் மண்ணிறமாகக் கலங்கும்; அதை ஊற்றிவிட்டுப் புதிது விட வேண்டும். அப்புறம் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அந்த நேரம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆய்வு மாணவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நிமிடம் பிந்தினால் ஜெல் முழுக்கக் கறுத்துவிடும். அசற்றிக்கமிலத்தை விட்டு நிறுத்த வேண்டும், அதுவும் கோடு போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்னமே.

கையுறை இல்லாமல் தொட்டால் நம் தோலின் கெரற்றின் புரதமும் அதன் மூலக்கூற்று எடைக்கேற்ப 60 கிலோடால்டன் பக்கத்தில் கோடாக வந்து நிற்கும். இங்கேயும் விரல் சொல்லும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

யுத்தத்தில் மூடியிருந்த ஏ9 வீதி திறந்தபிறகு 2003இல் ஊருக்குப் போனபோது சேரைப் பார்த்தேன். இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். வலு கவனமாகக் கேட்டார். தயோசல்பேற்று எத்தனை வீதம் என்றுகூடக் கேட்டார். பிறகு, “அங்கை ஆருக்கடா படிப்பிக்கிறாய்?”

“படிப்பிக்கிறதில்லை சேர். ஆய்வுகூட வேலை மட்டும்தான்.”

“நீ வெளிக்கிட்டாப் பிறகு அந்தத் திறப்பைக் குடுக்க ஒருத்தனும் சரிவரேல்லை” என்றார். பிறகு உள்ளே பார்த்து, எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.