நான்காவது இடைவெளி

பயிற்சிக்குப் புதிதாக வரும் மாணவர்களை நான் முதலில் ஈசிஜி மெஷின் பக்கமே விடுவதில்லை. அவரவர் தொண்டைக்குழியில் விரலை வைத்து, நெஞ்செலும்பின் மேலேயே மெல்லக் கீழே இறக்கச் சொல்வேன். கொஞ்ச தூரத்தில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டிப் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று எண்ணி இறங்க வேண்டும். நான்காவது இடைவெளியில், நெஞ்செலும்பை ஒட்டி வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2; நெஞ்சில் ஒட்டும் ஆறு மின்முனைகளில் முதல் இரண்டு இவை. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் வி3-க்குக் கை போகும். ஆனால் முதலில் வைக்க வேண்டியது வி4. காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாவது இடைவெளி. வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி5, வி6 இரண்டும் வி4 இருக்கும் அதே மட்டத்தில் அக்குள் பக்கமாகப் போகும். முலைக்காம்பை அடையாளமாக வைப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அது ஆளுக்கு ஆள் இடம் மாறும்.

இவ்வளவு கறார் எதற்கு? வி1, வி2 மேலே ஏறிவிட்டால் ஆர் அலை, அதாவது துடிப்பில் மேலே எழும் கூர்முனை, சிறுத்துப்போய், எப்போதோ மாரடைப்பு வந்துபோன மாதிரி தாளில் தெரியலாம். இல்லாத நோய்க்கு ஒரு குடும்பமே பயந்துகொண்டு அலையும். கையில் மாட்டும் சிவப்பு, மஞ்சள் ஒயர்கள் இடம் மாறினால் முதலாம் லீட் கவிழ்ந்துவிடும். லீட் என்பது இதயத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை. நெஞ்சு லீடுகள் இயல்பாக இருந்து அது மட்டும் கவிழ்ந்திருந்தால், நோயாளியைப் பயமுறுத்தும் முன் ஒயரைப் பாருங்கள்.

ஒட்டுவது பத்து, கிடைப்பது பன்னிரண்டு பார்வை. வலது காலில் போகும் கறுப்பு ஒயர் எதையும் பார்ப்பதில்லை. கைகால்களில் மீதியுள்ள மூன்றிலிருந்து ஆறு லீட், நெஞ்சிலிருந்து ஆறு. ஒரே தேரை நான்கு மாட வீதிகளிலும் நின்று பார்ப்பது போலத்தான். கைகால் லீடுகளில் இரண்டாவது, மூன்றாவது, ஏவிஎஃப் ஆகியவை இதயத்தின் கீழ்ச்சுவரைப் பார்க்கும். வி1, வி2 இடைச்சுவரை. வி3, வி4 முன்சுவரை. முதலாம் லீட், இன்னொரு கைகால் லீடான ஏவிஎல், வி5, வி6 இடது பக்கச் சுவரை. இந்த மெஷினுக்கு வழிகாட்டிய, 1924-இல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவனுக்கு நெஞ்சு லீடுகளே கிடையாது. இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளில் வைத்துத்தான் எடுத்தார்.

வயதானவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் அடிக்குமாம்மா?" "இல்ல பாட்டி, மெஷின் எதையும் அனுப்பாது, உங்க உடம்புல இருக்கறதத்தான் வாங்கிக்கும்" என்று சொல்லி, திரையை இழுத்துவிட்டு, நெஞ்சின் மேல் துணியைப் போர்த்திய பிறகே தொடங்குவேன். பயத்தில் உடம்பு இறுகினால் கோடு நடுங்கும். அதைவிட, கூச்சப்படுகிறவரை அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

கீழ்ச்சுவர் லீடுகளில் எஸ்டி எனும் கோட்டுப் பகுதி மேலே தூக்கியிருந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம் என்பதால், டாக்டரிடம் உடனே காட்டிவிட்டு, வி4-ஐ வலப்பக்கம் அதே ஐந்தாவது இடைவெளிக்கு மாற்றி இன்னொன்று எடுப்பேன். இதயத்தின் வலது கீழறையான வலது வென்ட்ரிக்கிளும் அடிபட்டிருந்தால் அங்கேதான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடக்கூடும். ஒயர் இடம் மாறியது மெஷினுக்குத் தெரியாது, வி4 என்றே அச்சடிக்கும். அதனால் தாள் வெளியே வந்ததும் அதைப் பேனாவால் அடித்து, 'வி4 வலது' என்று எழுதி, நேரத்தையும் குறித்துத்தான் டாக்டர் கையில் கொடுப்பேன்.